அய்யாவின் பிடியிலிருந்து

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாம்பன் பாலத்தைத் தாண்டி, தீவில், கடலை நம்பியிருந்த கத்தோலிக்கக் குடும்பம். அய்யாவும் சித்தப்பாமாரும் எந்தக் காகிதமானாலும் ரேகைதான் வைப்பார்கள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தைச் சற்றுப் பெரிதாகவே போட்டேன். தலைமையாசிரியர், "கட்டத்துக்குள்ள போடுங்கம்மா" என்றார். மறுநாளும் பெரிதாகத்தான் போட்டேன்.

அந்த வேலை ஒரு டிசம்பரில் போய்விட இருந்தது.

நான் தேவிபட்டினத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில், பக்கத்து அறையில் தங்கியிருந்தேன். அங்கிருந்து பள்ளிக்கு உப்பளத்து வரப்பில் நடக்க வேண்டும். வரப்பு முடிந்ததும் கொஞ்ச தூரம் உடைமரக் காடு. உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் மைத்துனன், வேலை வெட்டி இல்லாதவன், அந்த நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பான். முதலில் பாட்டு மட்டும்தான். பிறகு, "டீச்சர், எனக்கும் அனா ஆவன்னா சொல்லிக் குடுக்கிறது" என்று கேலி. நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுவேன். அரைப் பரீட்சை விடுமுறைக்கு முந்தின நாள் மாலை அவன் வழியை மறித்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

நான் பின்னால் சாய்ந்தேன். குதிகாலை மண்ணில் ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். எங்கள் கரையில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் வரும். கரைவலை போட்டால் வீட்டில் நடக்கத் தெரிந்த எல்லோரும் வடத்தைப் பிடித்து இழுப்போம். ஆனால் நான் இழுக்க இழுக்க அவன் பிடி இறுகியது. அவன் சிரித்தான். உப்புக் கூடையோடு இரண்டு பெண்கள் வரப்பில் தலை காட்டியதும்தான் விட்டான். விட்ட வேகத்தில் மல்லாந்து விழுந்தேன். குடைக்கம்பி ஒடிந்தது.

அந்தப் பெண்கள் என்னைத் தூக்கி நிறுத்தி, சேலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். "அவனப் பத்தி எங்களுக்குத் தெரியாதா டீச்சரம்மா" என்றாள் ஒருத்தி. "வாயத் தொறந்தா நாளைக்கு வேலை இல்லம்பாக."

மறுநாள் விடுமுறைக்குத் தீவுக்கு வந்து, வீட்டில் சோற்றுத் தட்டுக்குக் கை நீட்டியபோது அம்மா மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். விரல் பதிந்த இடம் கன்றியிருந்தது. மறைக்காமல் சொன்னேன். அய்யா சாப்பிட்டு எழுந்து, வெற்றிலையை எடுத்து, பாக்கு வைக்க மறந்து மென்றார்.

"போதும்த்தா" என்றார். "படிச்சது போதும். இனிமே அங்கன போக வேணாம்."

"தப்புப் பண்ணுனது அவன். வேலை போறது எனக்காய்யா?"

"வேலையா பெருசு? கை பெருசு."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் குரல் உள்ளே போய்விட்டது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில், "அவரு சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான். குழம்பு ஆறுது" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் வேலை போனது போனதுதான் என்று தெரிந்தது. "ஒருத்தன் பிடிச்சா விடுவிச்சுக்கிட்டு வரத் தெரிஞ்சா, போக விடுவீகளா?" என்று கேட்டேன்.

அய்யா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "என் கையில இருந்து விடுவிச்சுக் காட்டு. ரயிலேத்தி விடுறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். அய்யா வடத்தின் முன் தலையில் நிற்பவர். அவர் பிடித்த கயிறு நழுவி யாரும் பார்த்ததில்லை. புது வருசம் கழிந்து பள்ளி திறக்கும்வரைதான் எனக்கு அவகாசம்.

கிறிஸ்துமஸுக்குத் தம்பி வந்தான். நான் பிடித்துப் பள்ளியில் தள்ளியதால் எட்டு வரை படித்து, போலீசில் சேர்ந்து, பயிற்சி முடிந்து வேலைக்குப் போன புதிது. முழங்கை உரிந்திருந்தது.

"ஏலே, கையில என்ன?"

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்க்கா."

"உனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியாதே."

அப்புறம் உண்மை வந்தது. "சந்தையில சாராயம் விக்கிறவன் ஒருத்தனப் பிடிச்சேன். நல்லாத்தான் பிடிச்சேன். முண்டுனான், இழுத்தான், நான் விடல. திடீர்னு அப்பிடியே என் மேல சாஞ்சான். அடுத்து பாத்தா அவன் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுறான், நான் மண்ணுல கெடக்கேன். எப்பிடி விட்டேன்னே தெரியலக்கா."

"சந்தையே சிரிச்சிருக்குமே."

"மிளகா விக்கிற ஒரு பொம்பள என் தொப்பிய எடுத்துத் தட்டிக் குடுத்து, 'இந்தாப்பா, இதாவது ஓடாம நின்னுச்சு'ங்குது."

ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வித்தை தேவைப்பட்டது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து எதைக் கற்பது என்று பேசினோம். சிலம்பம் எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குத் திருவிழா பார்ப்பதுதான். ஆனால் கம்போடு வகுப்புக்குப் போகும் டீச்சரைக் கண்டால் பிள்ளைகள் திரும்பி ஓடிவிடும். தம்பியிடம் லத்தி இருக்கிறது. "மேல உள்ளவரு சொல்லாம ஓங்குனா என் மேலயே எழுதுவாக" என்றான். கமுதிப் பக்கம் ஒரு பயில்வான் குஸ்தி பழக்குகிறார் என்றான். மண்ணில் புரள வேண்டும், லங்கோடு கட்ட வேண்டும். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

குத்துச்சண்டை அவனுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் வலைக் குவியலில் ஒரு குத்து விட்டுப் பார்த்தேன். முட்டி தோல் உரிந்ததுதான் மிச்சம். "எனக்கும் ஆகாதுக்கா. பல்லு போனவனக் கோர்ட்டுல நிறுத்துனா மாஜிஸ்திரேட் என்னையத்தான் பாப்பாரு." வர்மம் தெரிந்தவர் ஒருவரையும் அவன் கேள்விப்பட்டிருந்தான். "ஒரு விரல் வச்சா ஆள் விழுவானாம். ஆனா பன்னெண்டு வருசம் கூடவே இருந்து கத்துக்கணுமாம்."

"அதுக்குள்ள கணக்குப்பிள்ள மச்சான் கெழவனாயிருவான்."

கடைசியாக, சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டு, ஒன்று சொன்னான். போலீஸ் பயிற்சியில், பர்மா சண்டைக்குப் போய் வந்த ஒரு டிரில் வாத்தியார், ஜப்பான்காரர் பிடி என்று சிலவற்றைப் பழக்கினாராம். அடி இல்லை, குத்து இல்லை. பிடித்தவன் கையிலிருந்து வருவது, பிடித்தவனைக் காயப்படுத்தாமல் நிறுத்துவது, அவ்வளவுதான். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் எந்தப் பிடிக்கும் வாசல். அந்தப் பக்கம் திருகினால் வந்துவிடலாம். "பாக்க ஒண்ணுமே இல்லக்கா. அதான் நாங்க யாரும் ஒழுங்காக் கத்துக்கல."

எனக்கு அதுதான் வேண்டும் என்று உடனே தெரிந்தது. கணக்குப்பிள்ளை மைத்துனனை அடித்துப் போட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஊர் கேட்கக் கத்திக்கொண்டே உப்பளம் வரை ஓட ஒரு கை விடுபட வேண்டும். தம்பிக்கும் அப்படித்தான். பிடித்தவனை முழுசாக ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சண்டையில் ஜெயிப்பது எங்கள் இருவருக்குமே வேலை இல்லை.

பழகத் தொடங்கினோம். அவன் பிடிப்பான். நான் திருகுவதற்குப் பதில் பின்னால் சாய்வேன்.

"அக்கா, இது வலை இல்ல. என்னைய ஏன் கரைக்கு இழுக்கிற?"

"தெரிஞ்சா இழுக்கேன்? அதுவா வருது."

சித்தப்பா வலை பின்னிக்கொண்டே, "டீச்சரும் போலீசும் என்னப்பா, கோழி பிடிக்கிறீகளா?" என்பார். என் பழக்கத்தை மாற்றத் தம்பி ஒரு கட்டுப்பாடு போட்டான்: காலை நகர்த்தவே கூடாது. நட்ட மரம்போல் நின்று, முழங்கையை மட்டும் மடக்கித் திருக வேண்டும். அப்படிப் பழகியதில் அவன் பிடியிலிருந்து பெரும்பாலும் வந்துவிடுவேன். இனிப் பள்ளிக்கூடம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

புது வருசப் பூசை முடிந்த மறுநாள், காலை வலை கரையேறியதும், அய்யா ஈரக் கையோடு வந்து நின்றார். அம்மா, தம்பி, சித்தப்பாமார் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அய்யா என் மணிக்கட்டைப் பிடித்தார். கன்றியிருந்த இடம் ஆறியிருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தார்.

திருகினேன். வாசலே இல்லை. அவருடைய கட்டைவிரல் சுட்டுவிரலின் மேல் ஏறித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுபடி திருகினேன். தோல் எரிந்தது. அதற்குமேல் நான் கற்றதெல்லாம் மறந்துபோயிற்று. குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். அய்யாவும் ஊன்றிக்கொண்டார். சித்தப்பா ஒருவர் வலை இழுக்கும் பாட்டை எடுத்துக்கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை.

"விட்டுரவாத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. நாளைக்கு ரயில் நான் இல்லாமல் போகும். அந்தப் பதிவேட்டில் என் கட்டம் காலியாக இருக்கும். "வேணாம்! விடாதீக!" என்று கத்திக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல ஓரடி அவரை நோக்கிப் போனேன்.

அய்யாவின் கை திறந்தது.

ஒரு கண் சிமிட்டல்தான். விரல்கள் விரிந்து முன்னால் தாவி, என் முழங்கையைப் பிடிக்க வந்தன. அதற்குள் என் கை வெளியே இருந்தது. அவர் காற்றைப் பிடித்தார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தம்பிதான் குதித்தான். "இப்பிடித்தான்! அந்தச் சாராயக்காரன் இப்பிடித்தான் போனான்! என் மேல சாஞ்சான், நான் கை மாத்திட்டேன்!"

அப்புறம் எல்லோருக்கும் புரிந்தது. வலை இழுக்கும்போது அலை உள்ளே வந்தால் வடம் தளரும். தளர்ந்த உடனே கையைத் திறந்து முன்னால் தாவி அடுத்த பிடி பிடிக்க வேண்டும். தவறினால் இழுத்த கயிறு கடலுக்குத் திரும்பிவிடும். எங்கள் ஆட்கள் அதை யோசித்துச் செய்வதில்லை. இழுத்தால் இறுக்குவார்கள், தளர்ந்தால் திறப்பார்கள். அய்யா அப்படி, தம்பியும் அப்படி. போலீஸ் சட்டை போட்டும் தம்பியின் கை இன்னும் கரைவலையில்தான் இருந்தது.

அய்யா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிடி தெரிஞ்சு வரலய்யா" என்றேன். "சும்மா வந்துருச்சு."

"வந்தியா இல்லியா?"

"வந்தேன்."

"அப்ப ரயிலு."

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "இன்னொருக்கப் பிடிங்கய்யா. இந்தத் தடவை திறக்காதீக." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நான் இழுக்கவில்லை, நட்ட மரம்போல் நிற்கவும் இல்லை. ஓரடி உள்ளே போனேன். அவர் கை திறக்கவில்லை. ஆனால் நான் நெருங்கியதில் அவருடைய முழங்கை மடங்கி, பின்னால் சாய்ந்திருந்த பலம் போக இடமில்லாமல் நின்றது. தாழ்ப்பாள் தளர்ந்தது. திருகினேன். எரிச்சலோடுதான், ஆனால் வந்தேன். சித்தப்பாமார் இந்த முறை பாடவில்லை.

கிளம்பும்போது அய்யா குடையைக் கொடுத்தார். ஒடிந்த கம்பியை வலைநூலால் சுற்றிக் கட்டியிருந்தார். பாம்பன் பாலத்தைத் தாண்டும்வரை அதை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டே போனேன்.

பள்ளி திறந்த அந்த வாரத்திலேயே அவன் உடைமர நிழலுக்கு வந்தான். "விருந்தெல்லாம் முடிஞ்சுச்சா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தான். உடம்பு பின்னால் சாயத்தான் பார்த்தது. ஆனால் கால் முன்னால் போனது. நான் அவனை நோக்கிப் போவேன் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. முழங்கையை மடக்கித் திருகினேன். வெளியே வந்ததும் என் தொண்டையில் இருந்ததெல்லாம் கத்திக்கொண்டு வரப்புக்கு ஓடினேன். இந்த முறை அந்த இரண்டு பெண்களோடு இன்னும் பலர் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்கள். அத்தனை பேர் பார்த்த பிறகு, யாரோ ஒருத்தியின் வேலையை மட்டும் பறிக்கக் கணக்குப்பிள்ளைக்கு வழியில்லை. அவன் சைக்கிள் பிறகு அந்த நிழலில் நிற்கவில்லை. மறுநாள் வரப்பில் ஒருத்தி என்னை நிறுத்தி, உப்பு அப்பிய கையை நீட்டி, "அது எப்பிடின்னு காட்டுங்க டீச்சரம்மா" என்றாள். காட்டினேன். வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.

ஈஸ்டர் பாஸ்கு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது தம்பியும் வந்திருந்தான். இப்போது ஆள் சாய்ந்தால் தானும் சேர்ந்து சாய்கிறானாம், கையை மட்டும் திறப்பதில்லையாம். "ரெண்டு பேரும் விழுவோம்க்கா. ஆனா சேந்துதான் எந்திரிப்போம்" என்றான். அய்யா எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டார்.

"அவன் கை திறந்துச்சா?"

"இல்லய்யா. அவன் வடம் பிடிச்ச ஆளு இல்ல. திருகித்தான் வந்தேன்."

"அப்ப என் கைதான் மோசம்."

"கடல்ல அதுதான்யா நல்ல கை."

அவர் வெற்றிலையை எடுத்தார். பாக்கு வைத்தார், சுண்ணாம்பு தடவினார், நிதானமாக மடித்தார்.

"பள்ளிக்கூடம் என்னைக்குத் தெறக்குது?" என்றார்.