ஆண்டவரை 'நீங்க' என்றவர்

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஆராதனைக்குப் போயிருந்தேன். வெளியே மழை. யாரோ நனைந்த கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார, அந்த வாடை மூக்கில் ஏறியது. அதே நேரம் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர், "ஆண்டவரே, நீங்க எங்களோட இருங்க" என்று ஜெபித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் முகம் சுட்டது. ஒரு காலத்தில் அந்த 'நீங்க'வுக்காக ஒரு மனிதரின் வாயை அடைத்தவன் நான். உங்களிடம் சொல்ல என்ன, எண்பதைத் தாண்டிவிட்டேன். இனி மானம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஈரக் கம்பளி வாடை என்றால் எனக்கு ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஜெபவீடுதான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மலையில் மழைக்குப் போர்த்துகிற கம்பளியோடே லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து பாயில் உட்காருவார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். போதகர் மாதம் ஒருமுறைதான் பதுளையிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் என் பொறுப்பு. சனிக்கிழமையே ஜெபத்தைக் கொப்பியில் எழுதிவிடுவேன். "கிருபாசனத்தண்டை கிட்டிச் சேரும் அடியோங்கள்" என்று தொடங்கினால் மூன்று பக்கம் போகும். அழகான ஜெபம் என்று நானே நினைத்துக்கொள்வேன். ஒருநாள் மலைத்தண்ணீர் குழாயாக விழுகிற பீலியடியில் தண்ணீர் பிடித்த பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"வாத்தியாரு செபம் எப்படிடி?"

"அவரு ஆமென் சொல்றதுக்குள்ள எம்புள்ளைக்குப் பல்லு மொளச்சிரும்."

இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஏனென்றால் அடுத்து ஒருத்தி சொன்னாள்: "யாக்கோபண்ணன் செபம் பண்ணா, சாமி பக்கத்துல குந்திக்கிட்டுக் கேக்குற மாதிரி இருக்கு."

யாக்கோபு கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. எழுத்து தெரியாது. என் ஜெபம் முடிந்ததும் யாராவது, "அண்ணே, நீங்களும் ஒரு வார்த்தை" என்பார்கள். அவர் கண்ணை மூடமாட்டார். கூரையைப் பார்த்துப் பேசுவார்.

"சாமி, மூணு நாளா வெயிலே இல்லீங்க. வெறகு காயல. பெரிய தொரை மாதிரி நீங்க பங்களாவுலயே இருந்தா எப்படிங்க? சித்த லயத்துப் பக்கம் வாங்க. வந்தா சும்மா போயிராதீங்க, பிளேன்டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

பாயில் இருந்தவர்கள் அழுவார்கள், அழுதுகொண்டே சிரிப்பார்கள். என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். என் ஜெபத்துக்கு அவள் ஒருநாளும் மூக்கைத் துடைத்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை போதகர் வந்தபோது மிகுந்த பக்தியோடு முறையிட்டேன். வேதம் ஆண்டவரை 'நீர்' என்கிறது, யாக்கோபு கணக்கப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி 'நீங்க' என்கிறார், பிளேன்டீ குடிக்கக் கூப்பிடுகிறார், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றேன். பொறாமை என்ற சொல் மனதுக்குள்கூட வராமல் பார்த்துக்கொண்டேன். போதகர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "சரி, நீங்களே அவருக்குச் சொல்லிக் குடுங்க" என்றார்.

மறுநாள் மாலையே யாக்கோபு என் வீட்டுக்கு வந்தார், கைகால் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து.

"வாத்தியாரய்யா, சாமிகிட்டத் தப்பாப் பேசிட்டேன்னாங்க. எனக்குத் தெரியாதுங்க. சரியானதச் சொல்லிக் குடுங்க."

"'நீர்'னு சொல்லணும். 'நீர் வாரும்.'"

"நீரு வாரும்." கொஞ்சம் யோசித்தார். "ஏங்க, பீலி காஞ்சா தண்ணியக் கூப்புடுற மாதிரி இருக்கே? 'நீங்க'ங்கிறதுதானே மரியாத?"

"வேதத்துல அப்படி இல்ல" என்றேன்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றார். "ஆண்டவரே, நீர்... நீர் எங்கள..." நெற்றி வேர்த்தது. "சொல்லுங்கண்ணே" என்றாள் ஒருத்தி. "நீர் எங்களப் பாத்துக்குங்க... கொள்ளும்" என்று முடித்துவிட்டு, சரியா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். யாரும் அழவில்லை. என் மனைவி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் எனக்குச் சோறு ருசியாக இறங்கியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "வாத்தியாரய்யா சொல்லட்டும்" என்று கையைக் கூப்பிவிடுவார்.

ஒரு வருஷம் கழித்து அவர் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறிக்காக அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் காத்திருந்தோம். அவள் புருஷனைப் பார்த்து, "நீங்க ஒரு செபம் சொல்லுங்க, முன்ன மாதிரி" என்றாள். நானும், "உங்க பேச்சுலயே சொல்லுங்க யாக்கோபு, பரவாயில்ல" என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். வாய் அசைந்தது. பிறகு என் காதருகில் வந்து சொன்னார்:

"வரலீங்கய்யா. 'நீங்க'ன்னா தப்புன்னு நெனப்பு வருது. 'நீர்'னா யாரோ மாதிரி இருக்கு. நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன், என் கொப்பி ஜெபத்தை. அவள் பிழைத்து வந்தாள். வாத்தியாரய்யாவின் ஜெபம்தான் காப்பாற்றியது என்று யாக்கோபு லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லவேண்டிவரும். இன்று அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. ஜெபவீடு இருந்த மேட்டில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் வீடு கட்டியிருக்கிறார்கள். மழை பெய்கிற காலைகளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, நானும் அவர் மாதிரி பேசிப் பார்க்கிறேன். "சாமி, நீங்க..." என்று தொடங்குவேன். அடுத்த வார்த்தை வராது. யாக்கோபுக்குச் சாமியிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. செத்துப்போன அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.