நூலக்காவின் கைராசி

அவள் பிறந்த அன்று அப்பாவின் லாரி அச்சு முறிந்து நடுரோட்டில் நின்றது. "ராசியில்லாத பொண்ணு" என்றார்கள். அந்த அச்சுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமான வருஷமே புருஷனுக்கு வேலை போனது. அதற்கும் அவள் ராசிதான் காரணம். வெயில் ஏறுவதற்கு முன் அவன் கண் விழித்ததே இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் தெரு அவன் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை, இவள் ராசியைப் பற்றித்தான் பேசியது. அடுத்த வேலையும் போனபோது மாமியார் வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொன்னாள். இவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"உங்க பையனுக்கு ஒரு அலாரம் வாங்கிக் குடுங்க அத்தை" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வந்து சேர்ந்தது அண்ணனின் பட்டறைக்கு. அண்ணன் ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் பார்க்கிறவன். 'டிராக் டே' அன்று ரேஸ் ஓடுதளத்துக்குப் போய், சொந்தக் காரை ஆசை தீர விரட்டி ஓட்டுகிறவர்கள்தான் அவனுடைய வாடிக்கையாளர்கள். அங்கே பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. ஆசை மட்டும்தான். தெருவில் போகிற காருக்குச் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றால் போதும். ஓடுதளத்து வளைவில் காரின் உடம்பு முழுக்க வெளிப்பக்கம் சாயும். அப்போது டயர் தரையில் தட்டையாகப் பதிய வேண்டுமானால், சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். அதோடு, மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்னோரம் உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியே திரும்பியிருக்கிறதா என்பதையும் மயிரிழை பிசகாமல் அமைக்க வேண்டும்.

அந்த வேலையை அவள் தானாகவே எடுத்துக்கொண்டாள். காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நிறுத்தி, தூண்டில் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டுவாள். நரம்பிலிருந்து சக்கர விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேலால் பார்ப்பாள். ஓட்டுகிறவரின் எடைக்கு மணல் மூட்டைகளை அவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் அளப்பாள். பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது, "நூல் இருக்கு, பாத்து வாங்க." அப்படித்தான் அவள் நூலக்கா ஆனாள்.

வேலை முடிந்த காரை ஒப்படைப்பது அண்ணன். பானெட் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுப்பான். வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்துப்போனது. "உங்க கைராசியே தனி" என்பார்கள். அண்ணன் மறுக்க மாட்டான். நூலக்கா நரம்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்துக்கொள்வாள். நூல் அவளுடையது, ராசி மட்டும் அண்ணனுடையது.

இப்படியிருக்க, பல் டாக்டரின் சிவப்புக் கார் ஓடுதளத்தில் சுழன்றது. நீண்ட நேர்ப்பாதை முடிந்து, பிரேக் அடித்து வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் நழுவி, இரண்டு சுற்றுச் சுற்றி, புல்லில் போய் நின்றது. டாக்டருக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்தபோதும் அவர் முகம் தெளியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அண்ணனிடம். "இந்தத் தடவை சாவிய உங்க தங்கச்சிதான் குடுத்தாங்க. நீங்க இல்ல. எனக்கு அப்பவே மனசுல ஏதோ உறுத்துச்சு. கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல?"

பல்லைப் பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே பார்க்கிற மனிதர். நூலக்காவுக்கு எரிந்தது. அதைவிட எரிய வைத்தது அண்ணன் சொன்ன பதில்.

"கவலைய விடுங்க டாக்டர். அடுத்த டிராக் டேக்கு நானே பாத்துத் தர்றேன். இவ கவுண்டர்ல உக்காரட்டும்."

டாக்டர் கிளம்பியதும் அவள் ஸ்டாண்டுகளை எடுத்து வந்தாள்.

"சொன்னது கேக்கலயா? கவுண்டருக்குப் போ."

"போறேன். அளந்துட்டுப் போறேன்."

நரம்பைக் கட்டினாள். முன்சக்கரங்கள் சரியாக இருந்தன. பின்சக்கரத்தில் ஸ்கேலை வைத்தவள் அப்படியே குந்தியிருந்தாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள். பின்சக்கரங்களின் முன்னோரம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் அடங்கி வரும். இங்கே இரண்டும் வெளியே திரும்பியிருந்தன. பிரேக் அடித்தால் பின்பக்கம் நழுவாமல் என்ன செய்யும்?

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. புல்லுல குதிச்சதுல வளைஞ்சிருக்கு. அப்படியே சொல்லிடலாம். ஒன் தலையும் தப்பிச்சுது, என் தலையும் தப்பிச்சுது."

"குதிச்சு வளைஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவா வளையும்? நான் உள்ள வைக்கச் சொன்ன அதே ரெண்டு மில்லிமீட்டர், அப்படியே வெளிய நிக்குது பாரு. இது வளைஞ்சது இல்லண்ணே. நாம வச்சது."



அவளுக்கு அன்றைய காட்சி நினைவுக்கு வந்தது. அவள் நூலருகே நின்று "ரெண்டு மில்லி உள்ள" என்று குரல் கொடுத்தாள். காருக்கு அடியில் படுத்து போல்ட்டைத் திருப்பியது அண்ணன். எப்போதும் முன்பக்கமாகத் தலை வைத்துப் படுப்பவன், அன்று காரை ஓடுதளத்துக்கு ஏற்றிப்போக வந்த லாரி குறுக்கே நின்றதால் பின்பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தான். அவன் கண்ணுக்கு எதிரே இருந்தது சக்கரத்தின் பின்னோரம். அதைத்தான் உள்ளே இழுத்திருக்கிறான். எந்த ஓரம் உள்ளே என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மறுபடி அளக்காமல் அவள் நரம்பைச் சுருட்டிவிட்டாள்.

கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணி மெதுவாகச் சொன்னாள். "புல்லுன்னே சொல்லிடேன்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் அண்ணி."

புல்லின் மேல் பழி போட்டால் வேலை மிஞ்சும். ஆனால் ராசி என்ற பேச்சும் கூடவே மிஞ்சும். பிறந்ததிலிருந்து காரணமே இல்லாத பழியைச் சுமந்தவளுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகக் காரணத்தோடு ஒரு பழி கிடைத்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் டாக்டர் வந்ததும் அவளே நரம்பருகே கூட்டிப் போய் ஸ்கேலைக் காட்டினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

டாக்டர் தலையாட்டினார். "அப்ப நான் சொன்னது சரிதானே? உங்க கை பட்டது..."

"போல்ட்டைத் திருப்புனது அண்ணன் கை டாக்டர். நீங்க சொல்ற ராசியான கை."

அண்ணன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அவர் மேல தப்பு சொல்லல. சரியா சொல்லாம விட்டவ நான். திரும்ப அளக்காம அனுப்புனவளும் நான். உங்க உயிர் போயிருந்தா அது என் தப்பு. அதுக்கு நீங்க என்னைத் திட்டுங்க, நின்னு கேட்டுக்கறேன். ராசின்னு மட்டும் சொல்லாதீங்க. ஒருநாள் நீங்க கெட்ட பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் பிடுங்கிட்டா, 'அவருக்குக் கைராசி இல்ல, அவர் வீட்டம்மாவ விட்டுப் பிடுங்கச் சொல்லு'ன்னு ஊர் பேசுனா ஒத்துக்குவீங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் நேராகக் கேட்டார். "சரி. மறுபடியும் தப்பு வராதுன்னு எதை நம்பி நான் அந்த வளைவுல பிரேக் அடிக்கறது?"

நியாயமான கேள்வி. அவள் சாக்பீஸை எடுத்தாள். நான்கு டயர்களின் முன்னோரத்திலும் வெள்ளையாகக் கோடு போட்டாள்.

"இது மூக்கு. இனிமே இந்தப் பட்டறையில வெறும் 'உள்ள', 'வெளிய' கிடையாது. மூக்கு உள்ள, மூக்கு வெளிய. அண்ணே, படு. எந்தப் பக்கம் வேணாலும் தலைய வச்சுப் படு."

"நீ கவுண்டர்..." என்று ஆரம்பித்த அண்ணன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனான். போகிற போக்கில் காருக்குள் பார்வை பட, "ஏம்மா, பக்கத்து சீட்டுல எதுக்கு மூட்டை? டாக்டர் ஒருத்தர்தானே ஓட்டுறாரு?" என்றான்.

"அது என் எடை."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"எதை நம்பின்னு கேட்டீங்கல்ல? அந்த வளைவுல நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். காலையில வந்ததும் மூட்டைய வச்சுட்டேன்."

போல்ட்டை இறுக்கிய பிறகு, எல்லோரும் பார்க்க, மறுபடியும் அளந்தாள். அண்ணனையும் அளக்க வைத்தாள். டாக்டரிடமும் ஸ்கேலைக் கொடுத்தாள். அவர் மூக்கோரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பின்னோரத்திலும் வைத்துப் பார்த்தார். யாரும் சொல்லாமலே மறுபக்கமும் போய்ப் பார்த்தார்.

டிராக் டே அன்று, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் பெல்ட்டை இறுக்கினாள். நேர்ப்பாதையில் இன்ஜின் அலறியது. வளைவு நெருங்கியபோது மனசுக்குள் இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். நூல் பொய் சொல்லாது, அளந்தவள் சொல்லலாம். டாக்டர் பிரேக்கை மிதித்தார். கார் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தை அடக்கிக்கொண்டு, வளைவில் ஒட்டினாற்போல் திரும்பியது. டாக்டர் அடுத்த சுற்றில் இன்னும் தாமதமாக மிதித்தார். அதற்கடுத்த சுற்றில் அதைவிடத் தாமதமாக. மூன்றாவது சுற்று முடிந்ததும் அவள், "எனக்கு வாந்தி வருது, இறக்கி விடுங்க" என்றாள்.

கார் வந்து நின்றது. இறங்கியவள் நேரே டயரருகே குந்தி, அது தரையில் முழுக்கப் பதிந்ததா என்றறிய உள்ளோரம், நடு, வெளியோரம் என்று சூடு பார்க்க ஆரம்பித்தாள். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அருமை" என்றார். அவர் சொன்னது அவளைப் பார்த்துத்தான்.

அண்ணன் சிரித்த முகத்தோடு வந்தான். பழக்கதோஷம், பானெட் மேல் உள்ளங்கையை வைக்கப் போனான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கையை எடுண்ணே. சுடும்."