கரையான் மருந்தும் வெள்ளிக்கிழமைப் புற்றும்

பூஞ்சாணம் விற்கிற தொழிலில் சரக்கு கெடுவதற்கு முன்னால் வாங்கியவரின் பொறுமை கெட்டுவிடும். கரையானுக்கு நோய் கொடுத்துக் கொல்லும் பூஞ்சாணப் பொடியைப் போடியிலிருந்து கொண்டுபோய் மரம் வளர்ப்பவர்களிடம் விற்கிறேன். மெதுவாக வேலை செய்யும் எதையாவது நீங்களும் விற்றிருந்தால் என் பாடு தெரியும்.

கோலமாவு

மலையடிவாரத்துச் சிலமலை ஊரில் பாண்டியம்மா அக்காவின் முதல் தேக்கு நடவைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. மறுபடி நட்டிருந்தார். இதுவும் போனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடுவதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கிணறு பக்கத்திலேயே இருப்பதால் விஷ மருந்து ஊற்ற அவருக்கு மனமில்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"மருந்துன்னா தொறந்ததும் தல சுத்தணும் பாய். இது கோலமாவு கணக்கா இருக்கு."

துத்தம்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். அங்கே சில்வர் ஓக் கன்றுகளுக்கு இதே பொடியைச் சாணத்தில் கலந்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால் கரையான் சௌக்கியமாக இருக்கிறது, வேரடியெல்லாம் நீலம். ஏலச்செடி அழுகலுக்கு ஊற்றும் மயில்துத்தக் கலவையை மேஸ்திரி சசி என் பொடி மேலேயே ஊற்றியிருக்கிறார். பூஞ்சாணத்தைக் கொல்வதற்கென்றே உள்ள மருந்து அது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் நிதானமாகச் சொன்னார்:

"பாக்கெட்ல பூஞ்சாணம்னு போட்டிருந்துச்சுண்ணே. பூஞ்சாணத்தக் கண்டா துத்தம் ஊத்துறதுதான எங்க சோலி?"

வெள்ளிக்கிழமைப் புற்று

பாய் மருந்து பலிக்கவில்லை என்ற சேதி, தோட்ட ஜீப்பில் எனக்கு முன்னாலேயே சிலமலைக்கு இறங்கிவிட்டது. அங்கே நான் பொடியை இன்னும் வைக்கவே இல்லை, அதற்குள் அக்கா வீட்டுக்காரர் விஷ மருந்தை வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

தேக்குக்கு நடுவில் ஒரு புற்று. கரையான் வருவது அங்கிருந்துதான். ஆனால் அக்கா வெள்ளிதோறும் பால் ஊற்றுகிற புற்று அது, யாரும் கை வைக்கக் கூடாது. நான் பாய், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாணத்தில் கலந்து கன்றுகளைச் சுற்றி மட்டும் வைப்போம், தின்ன வருகிற கரையானே பொடியை மேலில் பூசிக்கொண்டு புற்றுக்குள் கொண்டுபோகும், ஒரு மழை வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா புற்றைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்.

"அதுகளாக் கொண்டுபோறதுக்கு ஆத்தா நம்மளக் கேக்கமாட்டா. வைங்க பாய்."

மழைக்குப் பிறகு

பயந்துகொண்டுதான் போனேன். கன்றுகள் துளிர்த்து நின்றன. விஷ மருந்து பிரிக்காமலே கிடந்தது. புற்றில் புது மண் ஏறவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, அக்கா பால் செம்போடு வந்தார். எனக்கு மனசு உறுத்தியது. உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நான் தயங்குவதைப் பார்த்துவிட்டார்.

"கரையான்தான் போயிருக்கு பாய். ஆத்தா எங்க போகப்போறா?"

கரையானுக்கு என் மருந்தைப் புரியவைக்க ஒரு கை சாணி போதும், மனுஷருக்குத்தான் நான் மலைக்கும் சிலமலைக்கும் அலைய வேண்டியிருக்கிறது.