குமணன்சாவடியிலிருந்து வந்த திருத்தம்

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எங்கள் இயற்பியல் துறை நூலகத்தின் வாசலில் ஒரு நீலத் தொட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். இதழில் அச்சாகும் முன்பே ஆய்வாளர்கள் தபாலில் அனுப்பிக்கொள்ளும் கட்டுரைப் பிரதிகளை இங்கே ப்ரீபிரிண்ட் என்பார்கள். அவை ஒரு வாரம் அலமாரியில் இருக்கும், அடுத்த வாரம் இந்தத் தொட்டிக்குப் போகும். ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பனி பழகிவிட்டது. புளித்த முட்டைக்கோஸ் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊரே கதவடைத்துக் கிடப்பதும் பழகிவிட்டது. தொட்டி மட்டும் பழகவில்லை. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒருமுறை குனிந்து இரண்டு பிரதிகளை எடுத்தேன். துப்புரவுப் பணியாளர் ஓடி வந்து, "அது குப்பை, உங்களுக்குப் புதிய தாள் வேண்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். எனக்கு எழுதத் தாள் இல்லை என்று நினைத்துவிட்டார். எப்படி விளக்குவது? இதே பிரதிகள் கப்பலேறி மெட்ராஸ் வந்து சேர ஐந்து மாதம் ஆகும். அங்கே படித்த காலத்தில் அவற்றைப் பார்க்க நானும் என் நண்பன் காதரும் சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி நகரத்தின் தென்கோடியில் இருந்த ஓர் ஆய்வு நூலகத்துக்குப் போவோம். நூலகர் வெளியே கொண்டுபோக விடமாட்டார், அதனால் கையாலேயே நகல் எடுப்போம். நாங்கள் ஒரு கணக்கைப் போட்டு முடிக்கும்போது, அதைப் போட்டு முடித்து அச்சிட்டவனின் கட்டுரை நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும்.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டினார். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இடது பக்கத்து வீட்டுக்காரர்கள் திருநெல்வேலி, வலது பக்கம் சேலம், மாடியில் நாகர்கோவில். காதர் குமணன்சாவடிக்காரன். அவன் வாப்பா அங்கே நெடுஞ்சாலையோரம் ஓர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்கூட்ட வால்போஸ்டர் எல்லாம் அடிப்பார்கள். நகரத்துக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்த முதல் நாள், வகுப்பில் தமிழில் யோசித்துத் தமிழிலேயே சந்தேகம் கேட்ட ஒரே ஆள் அவன். மதியம் என்னருகில் வந்து உட்கார்ந்து, "இன்னா மாமே, நீயும் நம்ம சைடா?" என்றான். அவ்வளவுதான், நாங்கள் நண்பர்களாகிவிட்டோம்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் இருவருக்கும் பிடித்திருந்த பைத்தியம் சூப்பர்கிராவிட்டி. இயற்கையில் துகள்கள் இரண்டு சாதி. பொருளை உண்டாக்குபவை ஒன்று, விசையைச் சுமப்பவை மற்றொன்று. இந்த இரண்டு சாதிக்கும் நடுவே ஒரு சமச்சீர் உண்டு, ஒவ்வொரு துகளுக்கும் எதிர்ச்சாதியில் ஒரு ஜோடி உண்டு என்று சொல்வது சூப்பர்சிமெட்ரி. அதை ஈர்ப்பு விசைக்கும் நீட்டினால் கிடைப்பதுதான் சூப்பர்கிராவிட்டி. ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டானுக்கு அதில் கிராவிட்டினோ என்று ஒரு ஜோடி வரும். கிராவிட்டினோவை இதுவரை யாரும் கண்டதில்லை. யாரும் காணாத ஒன்றுக்காக இப்படி எரிந்து எழுதுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் எரிவது துகளுக்காக இல்லை.

இந்தத் துறையில் ஒரு சமன்பாடு சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சமச்சீரின்படி அதை மாற்றினால் நூற்றுக்கணக்கில் உறுப்புகள் முளைக்கும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் எல்லாம் சுழியாக வேண்டும். சின்ன மிச்சம் இருந்தாலும் எங்கோ தப்பு. அந்த உறுப்புகளை எழுத நோட்டுப் புத்தகத்தின் அகலம் போதாது. காதர் வாப்பாவின் அச்சகத்தில் மை தவறி வீணான போஸ்டர்களைத் தரையில் விரித்து, அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவான். முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி இருக்கும். பின்பக்கத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மடங்காமல் ஒரே வரியாகச் சமன்பாடு ஓடும். நான் வேகமாகப் போட்டுத் தப்பு விடுவேன். அவன் மெதுவாகப் போடுவான், தப்பே விடமாட்டான். இதை நான் அன்றே அறிவேன். என்னைவிட அவனுக்கு அதிகம் தெரியும் என்பதையும் அறிவேன்.

எனக்கு ஜெர்மனியில் உதவித்தொகை கிடைத்தது. காதருக்கு வாப்பா படுத்துவிட்டதால் அச்சகத்தை விட்டு நகர முடியவில்லை. பகலில் அச்சு, மாலையில் அம்பத்தூரில் ஒரு டுட்டோரியலில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்குப் பாடம், மற்ற நேரத்தில் போஸ்டரின் பின்பக்கம். நான் வந்து இரண்டாம் வருடம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. என் பேராசிரியரின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். நான்கு கிராவிட்டினோக்கள் ஒன்றாக வரும் உறுப்பில் மிச்சம் நிற்கிறதாம். "நாலு வாட்டி போட்டுட்டேன் மாமே. நம்ம தப்பு இல்ல, உங்க சார் தப்பு. பாதியா இருக்க வேண்டியது முழுசா கீது. அவருக்கே எழுதிட்டேன், கோச்சிக்க மாட்டாரே?" என்று எழுதியிருந்தான்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. பேராசிரியர் சிரித்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். கடிதம் அச்சகத்தின் லெட்டர்ஹெட்டில் வந்திருந்தது. காதரிடம் வேறு லெட்டர்ஹெட் ஏது? மேலே ஒரு ஜோடி கை, நடுவில் பூ, 'திருமண அழைப்பிதழ்கள், சுவரொட்டிகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. காபி அறையில் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "என் குணகத்தைக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் திருத்துகிறார்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெட்ராஸ் என்று போட்டிருக்கிறதே, இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

அதற்கு முந்தைய மாதம்தான் மொழி வகுப்பில் காதரைப் பற்றிச் சொல்லும்போது, என் நண்பன் என்ற பொருளில் 'மைன் ஃப்ராய்ண்ட்' என்றேன். வகுப்பே சிரித்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணை அப்படிச் சொன்னால் காதலன் என்று நினைப்பார்கள் என்று ஆசிரியை விளக்கி, 'பெகான்டர்' என்ற சொல்லைக் கற்றுத் தந்தார். நான் அந்தச் சொல்லைத்தான் எடுத்தேன். "ஐன் பெகான்டர்," என்றேன்.

அந்தச் சொல்லுக்கு முகம் தெரிந்த ஆள் என்று மட்டும்தான் பொருள். "ஓ, பழக்கம் மட்டும்தானா," என்று பேராசிரியர் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். 'ஐன் ஃப்ராய்ண்ட் ஃபோன் மீர்', என் நண்பர்களில் ஒருவன் என்று சொல்லியிருக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது. மொழி என்னைக் காலைவாரிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். 'அவன் என்னைவிடக் கெட்டிக்காரன், தயவுசெய்து படியுங்கள்' என்று சொல்லுமளவுக்கு அன்று எனக்கு ஜெர்மன் தெரியும். அடுத்த மாதம் என் உதவித்தொகையைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். காதரின் அடுத்த இரண்டு கடிதங்களுக்கு வானிலை பற்றி மட்டும் பதில் எழுதினேன்.

மறு வருடம் பேராசிரியர் ஒரு நீண்ட கட்டுரைக்காக அதே பகுதியைச் சரிபார்க்கச் சொன்னார். மூன்று வாரம் போட்டேன். மிச்சம் நின்றது. பாதியாக இருக்க வேண்டியது முழுதாக இருந்தது. அவரிடம் போய், மெட்ராஸ் கடிதம் சொன்னது சரி என்றேன்.

"நல்லது, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்," என்றார்.

"நான் இல்லை. காதர்."

"கடிதம் பிரசுரமாகக் கணக்கில் வராது. சரிபார்த்தது நீங்கள்தானே?"

அடுத்த இதழில் எரேட்டம் என்ற திருத்தக் குறிப்பு வந்தது. பிழையைச் சுட்டிக்காட்டியதற்காக பாஸ்கருக்கு நன்றி என்று ஒரு வரி. பாஸ்கர் நான்தான். என் முனைவர் பட்டம் முடிந்ததும் பேராசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் விருந்து வைத்தார். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல நீயும் நீங்களும் உண்டு, 'டூ', 'ஸீ' என்பார்கள். வருடக்கணக்கில் 'ஸீ' போட்டுப் பேசியவர் ஒயின் கோப்பையைத் தூக்கி, இனிமேல் நமக்குள் 'டூ' என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இங்கே அது பெரிய கௌரவம். எனக்கு அறை வாங்கியதுபோல இருந்தது. கௌரவமாக இவர் தரும் இந்த 'நீ'யைக் காதர் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், எதையும் கேட்காமல் எனக்குத் தந்திருந்தான். ஆனாலும் நானும் கோப்பையைத் தூக்கினேன், குடித்தேன்.

ஊருக்குப் போனபோது ஆவடியில் பஸ் ஏறிக் குமணன்சாவடியில் இறங்கினேன். அச்சகத்தில் வாப்பா உட்காரும் நாற்காலியில் காதர் உட்கார்ந்திருந்தான். வாப்பா போய் ஒரு வருடமாம். எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க. உக்காருங்க. எப்ப வந்தீங்க?"

"இன்னா காதர், வாங்க போங்கன்ற?"

"பெரிய ஆளா ஆயிட்டீங்க. டீ சாப்புடுறீங்களா?"

கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று வழியெல்லாம் என்னைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவன் மேசையைத் துடைத்தான். டீ சொல்லி அனுப்பினான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எரேட்டம் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். லைப்ரரில ஆறு மாசம் கழிச்சி வந்துது."

"என் பேரு போட்டது நான் சொல்லி இல்ல, காதர்."

"பேரு கெடக்குது, வுடுங்க," என்றான். டீ வந்தது. என் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "பதில் வரலையா, நம்ம லெட்டர்லதான் எங்கியோ தப்பு கீதுன்னு நெனச்சேன். ஒரு வருசம் திருப்பித் திருப்பி அதியே போட்டுக்கினு இருந்தேன். எங்கயும் தப்பு இல்ல. வடக்கே ஒரு இன்ஸ்டிடியூட்ல இண்டர்வியூ கூப்ட்டாங்க. இந்த மாதிரி ஒரு மிஸ்டேக் கண்டுபுட்ச்சேன்னேன். எழுதுனவரு ஒத்துக்கினாரான்னு கேட்டாங்க. தெரியலன்னேன். சிரிச்சாங்க. அதுக்கப்பறம் எனக்கு வயசும் தாண்டிப்போச்சி." நிமிர்ந்தான். "சரின்னு ஒரு கார்டு போட்டிருக்கலாமே நீங்க. ஒரு வரி."

அந்த 'நீங்க' காதில் நின்றுவிட்டது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க வந்தார்கள். அவன் எழுந்து அவர்களிடம் போனான்.

இங்கே திரும்பி வந்து நான் செய்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை, தாமதமாகச் சொல்கிறேன். அடுத்து நான் எழுதிய கட்டுரையின் முதல் பக்கத்திலேயே, அந்தப் பிழையை முதலில் கண்டது குமணன்சாவடியைச் சேர்ந்த காதர், எனக்கும் முன்னால், கடிதம் மூலம் என்று எழுதினேன். பேராசிரியர் அதை எடுக்கச் சொன்னார். எடுக்கமாட்டேன் என்றேன். "நீ என்னைத் திருடன் என்கிறாய்," என்றார். "நானும் கூடத்தான் திருடினேன், நம் இருவரையும்தான் சொல்கிறேன்," என்றேன். எங்களுக்குள் 'டூ' இன்னும் இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இந்தக் கோடையோடு முடிகிறது. உங்களில் சிலர் இதைப் பிழைக்கத் தெரியாதவன் செய்த வேலை என்பீர்கள். பிழைக்கத் தெரிந்தவனாக இருந்தபோது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

கட்டுரையின் பிரதி ஒன்றை விமானத் தபாலில் காதருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து நாலாக மடித்த ஒரு போஸ்டர் வந்தது. முன்பக்கத்தில் ஏதோ காதுகுத்து விழா. பின்பக்கத்தில் என் பதினேழாவது சமன்பாடு, ஒரு கழித்தல் குறியைச் சுற்றி வட்டம், அதன்கீழே நான் கவனிக்காமல் விட்ட ஒரு புதிய வழி. நலமா என்று இல்லை. நீ என்றோ நீங்கள் என்றோ ஒரு சொல் இல்லை. முழுக்கக் கணக்கு. அதைத் தரையில் விரித்து வைத்து ஒரு வாரம் போட்டேன். அவன் சொன்னது சரி. அன்றே தபாலாபீஸ் போய், 'சரி' என்று மட்டும் எழுதி ஒரு கார்டு போட்டேன். அப்புறம் இருவர் பெயரும் போட்டுக் கட்டுரை எழுதுவோமா என்று கடிதம் எழுதினேன். 'எழுதலாம்' என்று பதில் வந்தது, அதுவும் ஒரு சொல்தான்.

போன வாரம் அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யத் துறைச் செயலாளர் ஃபிராவ் பெக்கிடம், அதாவது திருமதி பெக்கிடம், கொடுத்தேன். பெயர்களுக்குக் கீழே முகவரி வர வேண்டும். காதருக்கு அச்சகம், நெடுஞ்சாலை, குமணன்சாவடி என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அவர் பொறுமையாக அடித்தார். என் பெயருக்குத் துறையின் முகவரியை அடித்துவிட்டு நிறுத்தினார். கட்டுரை அச்சாகும்போது நான் இங்கே இருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடிக்குறிப்பில் நிரந்தர முகவரி கொடுப்பது வழக்கம்.

"நிரந்தர முகவரி?" என்றார்.

ஆவடி குவார்ட்டர்ஸ் எண் நாக்கு நுனிவரை வந்தது. அப்பா ஓய்வுபெற்றதும் அதைக் காலி செய்துவிட்டார்கள், இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள், அந்த வீட்டில் நான் மொத்தம் பதினோரு நாள் தூங்கியிருக்கிறேன், கதவு எண் தெரியாது. இந்த ஊரில் என் அறையைச் செப்டம்பரில் ஒப்படைக்க வேண்டும்.

"பிறகு சொல்கிறேன்," என்றேன். ஃபிராவ் பெக் தலையசைத்துவிட்டுப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். என் பெயரின் தோளில் நட்சத்திரம் இருக்கிறது. பக்கத்தின் அடியிலும் அதே நட்சத்திரம், அதன் எதிரே வெள்ளைத் தாள்.