சோறு போட்ட கால்வலி

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். திகாம் பத்து என்ற ஊர்ப்பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் மரவள்ளிக்கிழங்குதான். பந்தாட்டம் முடிகிறபோது களத்தில் நிற்பவனுக்கு மட்டும், தோற்றாலும் அரிசிச்சோறு. நான் ஒரு வருஷமாக ஓரத்தில் உட்கார்ந்து புல்லுக்குக் காவல் இருந்தேன். செர்டாங்கிலிருந்து வந்த முத்து, வந்த வாரமே முன்வரிசையில் ஆடினான். அவன் கால் ஒடியாதா என்று முனியாண்டியிடம் வேண்டினேன்.

ஒரு நாள் பாதி ஆட்டத்தில் என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தான். "கால் புடிச்சிக்கிச்சிண்ணே, நீங்க எறங்குங்க லா."

இறங்கினேன். பந்தைத் தொட்டது ஒரே தடவை. அதையும் எங்கள் கோலுக்குள்ளேயே அடித்தேன். சோறு கிடைத்தது.

தின்றுவிட்டு நிமிர்ந்தால், முத்து கிழங்கைக் கடித்தபடி நேராக நடந்து போகிறான்.

"டேய், கால்வலி?"

"ஒங்க மூஞ்சியப் பாத்ததும் வந்துச்சிண்ணே. நீங்க சாப்ட்டதும் போயிருச்சி."

ஆட்டத்தில் முந்தினான், சரி. மனசிலுமா முந்துவான்? அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.