வௌவாலுக்குத் தைத்த கை

கிளாடிஸ் அன்ரியிடம் "ஏலாது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அந்த வேலையைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முடித்தும் காட்டி, பிறகு ஒரு மாதத்துக்கு அதையே பேசிப் பேசி நம் காதைத் தின்றுவிடுவார். நான் கல்யாணம் கட்டிச் சின்ன உப்போடைக்கு வந்த நாள் தொட்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். என் சட்டைகள் முழுவதும் அவர் தைத்தவை. ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அன்ரி வீட்டார் பறங்கியர், அந்தக் காலத்துப் போர்த்துக்கீசர் வழி வந்த சனம். கணவர் அல்பர்ட் அங்கிள் தச்சர். ஒரு கூரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அவரால் வாகனத்தில் உட்கார்ந்து தூரப் பயணம் போக முடியாது. ஆனால் கதிரையில் இருந்தபடி அருமையாக வயலின் வாசிப்பார். பறங்கியர் கல்யாணங்களில், தேவாலயத்தால் வந்ததும் பெண் வீட்டு ஹோலில் கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கும். அந்த ஆட்டத்துக்கு வயலின் இல்லாமல் சரிவராது. மகள் சார்மெயினின் கல்யாணத்துக்குத் தானே வாசிப்பேன் என்று, அவள் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே அங்கிள் சொல்லிவைத்திருந்தார்.

மாப்பிள்ளை ஜேமியின் தாய், கல்யாண வீடு பார்க்க வந்த அன்று வந்தது வினை. ஓட்டுக்கும் பலகைச் சீலிங்குக்கும் நடுவே சின்ன வௌவால்கள் கூட்டமாகக் குடியிருந்தன. பலகை இடுக்கால் ஒரு புழுக்கை நேரே அந்த அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "மணமும் தாங்கேலாம இரிக்கி. பாசிக்குடாவில ஒரு ஹோட்டல் எடுப்பம். இதுகளைக் கலைக்க ஏலாது கிளாடிஸ்."

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

அவ்வளவு தூரம் பாசிக்குடாவுக்கு என்றால் அங்கிள் வராமல் வீட்டிலேயே கிடக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். அங்கிள் வயலின் பெட்டியைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ட மகள் இந்த ஹோலிலதான் ஆடுவாள்," என்றார் அன்ரி. "கல்யாணம் தவக்காலம் முடிஞ்சுதானே. அதுக்குள்ள இதுகளை அனுப்பிப்போடுவன். நீங்க ஹோட்டலுக்குச் சொல்லாதீங்க."

ஊரில் யோசனைக்கா பஞ்சம்? மிளகாய்ப் புகை போடச் சொன்னார்கள், சாம்பிராணி போடச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் விஜிதரன், பகலில் வௌவால் தூங்கும்போதே எல்லா ஓட்டையையும் சீமெந்தால் அடைக்கச் சொன்னார்.

"அடைச்சா உள்ளுக்க செத்து நாறும் தம்பி. கல்யாணத்துக்கு வாற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டா ஆடுற?" என்று அன்ரி அவருடைய வாயை அடைத்தார். பிறகு ஏணி வைத்து ஏறி கூரை ஓடு ஒன்றை விலக்கிப் பார்த்தார். தாய்களின் வயிற்றில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "பறக்கத் தெரியாத பிள்ளையை விட்டுப்போட்டு எந்தத் தாய் போவாள்? அதுகள் வளரட்டும்," என்று இறங்கிவந்தார்.

அன்று தொட்டு ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும் அன்ரி முற்றத்தில் கதிரை போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடுக்கால் வருகின்றன என்று கண்டுபிடித்து, பெரிய வழியான வாவிப் பக்கத்து இடுக்கை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் கம்பி வலையால் அடைத்தார். குஞ்சுகளும் சேர்ந்து பறக்கத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார். தையல் மெசினில் கல்யாண உடுப்புக்கு வாங்கிய வழுவழுப்பான வெள்ளைச் சட்டின் துணி.

"என்ன அன்ரி, வௌவாலுக்கும் கல்யாண உடுப்போ?"

"சட்டைக் கை தைக்கிறன்கா. அந்த இடுக்கில ஒரு கையைத் தொங்கவிட்டா உள்ளுக்க இருந்து வழுக்கி வெளிய வரும். திரும்பி ஏறப் பிடி கிடைக்காது. சட்டினில எந்த நகம் நிக்கும்?"

கையைக் கட்டி முடித்து நாங்கள் கீழே நின்று பார்த்தோம். பொழுது பட்டது. துணிக்குள் ஒன்று இறங்கியது, இன்னொன்று இறங்கியது. கை உப்பிக்கொண்டே வந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து சார்மெயினின் கூச்சல்தான் வந்தது. கைக்குள் இறங்க இடமில்லாததுகள் திரும்பிப் போய், சீலிங்கில் பல்புக்கு விட்ட ஓட்டையால் ஹோலுக்குள் இறங்கிவிட்டன!

நாங்கள் உள்ளே ஓடினோம். சார்மெயின் மேசைக்குக் கீழே. நான் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம். அங்கிள் மட்டும் கதிரையில் இருந்தபடி யன்னலால் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கிளாடிஸ், நீ மணிக்கட்டில இலாஸ்ரிக் போட்டிருக்காய்!"

அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை காலமும் சட்டைகளுக்கு உப்பின பஃப் கை தைத்துத் தைத்துப் பழகிய விரல்கள், கை என்றதும் நுனியைச் சுருக்கி இலாஸ்ரிக் வைத்துத்தான் முடித்திருக்கின்றன. அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு விறுவிறென்று ஏணியில் ஏறினார். நான் பயத்தோடு ஏணியைப் பிடித்தேன். ஒரே வெட்டு. அவரது காதை உரசிக்கொண்டு வௌவால்கள் வாவிப் பக்கம் பறந்தன.

"பாத்தியா?" என்றார், இலாஸ்ரிக்கே போடாதவர் மாதிரி.

ஹோலுக்குள் வந்ததுகளைக் கதவு யன்னல் திறந்து, விளக்கை அணைத்து அனுப்பினோம். பிறகு சில நாள் அந்தக் கை அப்படியே தொங்கியது. பொழுதுபட்டும் ஒன்றுமே வெளியே வராத நாளில், ஓடு விலக்கிப் பார்த்து, ஒரு குஞ்சும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கடைசி இடுக்கையும் அடைத்தார். பிறகு நானும் அவரும் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, புழுக்கையை வாரிப் பலகையைக் கழுவினோம். முதுகு விட்டுப்போயிற்று, அதை அன்ரியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணத்தன்று ஜேமியின் தாயை அன்ரி வேண்டுமென்றே அதே இடத்தில் இருத்தி, அதே கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். அந்த அம்மா சீலிங்கை ஒரு தரம் பார்த்தார், குடித்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார். அன்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டி வந்தது. அங்கிள் வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தார். சார்மெயின் ஜேமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடு ஹோலுக்கு வந்து, தகப்பனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து ஆடத் தொடங்கினாள். சனம் கைதட்டியது. நான் அன்ரியைத் தேடினேன். அவர் கதவோரத்தில் குந்தி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார்.

"எழும்புங்க அன்ரி, எல்லாரும் ஆடுறாங்க. வாங்க ஆடுவம்."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இப்ப ஏலாது றஞ்சிதா," என்றார். "கொஞ்ச நேரம் என்னோட இரி."