பாங்குக்கு முன்னால் கிளம்புகிறவர்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் பஷீருதீனின் ஜவுளிக்கடையைத் தெரியாதவர் இல்லை. அணுபுரம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு யூனிஃபார்ம் துணி அங்கேதான். அவர் வாயைத் திறந்தால் வந்தவர் சிரிக்காமல் போக மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு ரொம்பவே சுருங்கியிருக்கிறது என்று 2001இல் எக்கோ எடுத்தபோது தெரிந்தது.

செங்கல்பட்டு டாக்டர் மார்கரெட் பதறவில்லை. "தொந்தரவு இல்லாதவரைக்கும் அப்பப்ப வந்து காட்டுங்க, பாத்துக்கலாம். நடந்தா மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, மயக்கம் வருதுன்னா உடனே சொல்லணும். அப்புறம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து" என்றார். அதில் ஆபரேஷன் என்ற ஒரு வார்த்தைதான் பஷீருதீன் காதில் நின்றது. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும், "ஒண்ணும் இல்ல டாக்டர், குதிரையாட்டம் கீறேன்" என்பதே பதில்.

அவர் மனைவி ஹபீபாவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? மனுஷர் பள்ளிவாசலுக்கு முதல் ஆளாகப் போகத் தொடங்கியிருந்தார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுவார். "பாய்க்கு ஈமான் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று அவர் பக்தியைத் தெருவே மெச்சியது. ஹபீபாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த முறை செங்கல்பட்டு போனபோது டாக்டரிடமும் அளந்துவிட்டாள்.

"பள்ளிவாசல் ரொம்ப தூரமா?" என்று மார்கரெட் கேட்டார்.

"எங்க தெருமுனையிலதான் கீது டாக்டரம்மா."

"இவ்ளோ கிட்டப் போறதுக்கு எதுக்கு அவ்ளோ முன்னாடி?"

ஹபீபா புருஷனைப் பார்த்தாள். குதிரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நின்னு நின்னு போவேன்" என்றார் கடைசியில். "கடைக்காரங்ககிட்ட பேசறாப்ல நிப்பேன். மூச்சு அடங்கினதும் நடப்பேன்."

அடப்பாவி மனுஷா! ஹபீபாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஊருக்கு மறைச்சீங்க, சரி. என்கிட்ட இன்னாத்துக்கு மறைச்சீங்க?"

"நெஞ்சைத் தொறந்து பண்ணுவாங்களாம். நான் கண்ணு முழிக்காம பூட்டா நீ இன்னா பண்ணுவே?"

"ரோட்ல வியுந்து பூட்டா மட்டும் இன்னா பண்ணுவேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டரம்மா, இனிமே இவரைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. ஆபரேஷன் எப்பன்னு சொல்லுங்க."

பஷீருதீன் மறுக்கவில்லை. மார்கரெட் அப்போதே ஆபரேஷனுக்கு நாள் கேட்டு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார்.

ஆட்டோ பிடிக்க வெளியே வந்தார்கள். வாசலைத் தாண்டியதுமே அவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சுக் கொடுக்க அங்கே யாரும் இல்லை, அவரும் தேடவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பார்க்க அப்படியே நின்றார். மூச்சு அடங்கும்வரை ஹபீபாவும் நின்றாள்.